அத்தியாயம் 7: பழைய பெட்டியில் புள்ளியியல்

"சார், ஆர் திறக்கவே மாட்டேங்குது. மூணு தடவை அழிச்சிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணிப் பார்த்துட்டேன். கம்ப்யூட்டரே போச்சு போலிருக்கு."

ஆய்வு மாணவி ஒருவர் இப்படிச் சொல்லிக்கொண்டே தன் மடிக்கணினியை என் மேசையில் வைத்தார். வாய்மொழித் தேர்வுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. கணினியில் 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7. ஒரு பக்கக் கீல் உடைந்து, திரை சாய்ந்து நின்றது. பழுது பார்க்கும் கடையில் மதர்போர்டை மாற்றச் சொல்லியிருந்தார்களாம். நான் செய்தது ஒரே காரியம். டாக்குமென்ட்ஸ் கோப்புறைக்குள் போய் அங்கிருந்த ஒரு கோப்பின் பெயரை மாற்றினேன். ஆர் உடனே திறந்தது.

ஆர் மென்பொருளை மூடும்போதெல்லாம், வேலை செய்துகொண்டிருந்த தரவை அப்படியே சேமித்து வைக்கவா என்று அது கேட்கும். அவர் தினமும் "ஆம்" என்று அழுத்தியிருக்கிறார். அந்தச் சேமிப்பு 'ஆர்டேட்டா' என்ற கோப்பாக டாக்குமென்ட்ஸில் போய் உட்காரும். கோப்பு வகையைக் காட்டாதபடி விண்டோஸ் அமைக்கப்பட்டிருந்தால் பெயர்கூடத் தெரியாது, ஆர் சின்னம் மட்டும் மொட்டையாக நிற்கும். வட்டில் சுருங்கி 300 எம்பியாகக் கிடந்த அது, ஆர் திறக்கும்போது தானாக விரிந்து ஒன்றரை ஜிபி கேட்டது. 2 ஜிபி கணினி அதற்கு எங்கே போகும்? மென்பொருளை எத்தனை முறை அழித்துப் போட்டாலும் டாக்குமென்ட்ஸில் இருக்கும் கோப்பை அது தொடாது. அதனால் மூன்று மறுநிறுவல்களும் வீண். இனிமேல் மூடும்போது "இல்லை" என்று சொல்லுங்கள். தரவு மூலக்கோப்பில் இருக்கிறது. கட்டளைகளை ஒரு ஸ்கிரிப்ட் கோப்பில் எழுதி வைத்திருந்தால் எல்லாவற்றையும் திரும்பப் பெறலாம்.

இந்த அத்தியாயம் அப்படிப்பட்ட கணினிகளுக்கானது. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை, அண்ணன் வேலைக்குப் போனதும் தம்பி கைக்கு வந்தவை, கல்லூரி ஆய்வகத்தில் உறை போட்டு மூடி வைத்தவை. புதிது வாங்குங்கள் என்று எழுத எனக்கு மனமில்லை. புள்ளியியலுக்கு இவை போதும். ஆனால் எது தகராறு செய்கிறது என்று கண்டுபிடிக்காமல் கை வைக்கக் கூடாது. திரையில் ஆங்கிலத்தில் வரும் சொற்களை இங்கே ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன்.

நூற்றைம்பது பூக்கள்

முதல் சோதனை எப்போதும் ஒன்றுதான். உங்கள் தரவை ஒதுக்கி வைத்துவிட்டு, ஆருக்குள்ளேயே வரும் 'ஐரிஸ்' தரவை எடுத்து அதன் சராசரியைக் கேளுங்கள். 150 பூக்களின் இதழ் அளவுகள் அவை. ரொனால்டு ஃபிஷர் 1936-ல் எழுதிய கட்டுரை வழியாகப் புகழ்பெற்றவை. விடை கண்ணிமைக்கும் நேரத்தில் வந்தால் இயந்திரமும் விண்டோஸும் மென்பொருளும் நலம், உங்கள் தரவில்தான் சிக்கல். இதற்கே திணறினால் தரவைக் குறை சொல்லாமல் கீழே இறங்கித் தேடுங்கள்.

அடுத்தது, எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. ஒரே கட்டளையை மூன்று முறை ஓட்டுங்கள். மூன்று முறையும் ஒரே இடத்தில் விழுந்தால் தரவிலோ மென்பொருளிலோ குறை. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் விழுந்தால், சில சமயம் விழாமலும் போனால், ரேமைச் சந்தேகப்படுங்கள். விண்டோஸிலேயே 'மெமரி டயக்னாஸ்டிக்' என்ற சோதனை இருக்கிறது. இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். ரேமைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து மாட்டும் நம்மூர்க் கடை வைத்தியத்தைப் படித்தவர்கள் சிரிப்பார்கள். பல நேரம் அது வேலை செய்கிறது, ஏனென்றால் குறை அந்தத் தொடுமுனையில்தான் இருக்கிறது.

தொங்குகிறதா, உழைக்கிறதா?

"ஹேங் ஆயிடுச்சு" என்று சொல்லிப் பவர் பொத்தானை அழுத்திப் பிடிக்கும் முன்பு டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். விண்டோஸ் 7 என்றால் அதற்குள்ளேயே 'ரிசோர்ஸ் மானிட்டர்' பொத்தான் இருக்கும். வட்டின் வேலையை அங்கே பார்க்கலாம். பார்க்க வேண்டியவை சிபியுவும் வட்டும்.

சிபியு உழைக்கிறது, வட்டு சும்மா இருக்கிறது என்றால் கணக்கு நடக்கிறது. காத்திருங்கள், டீ குடித்துவிட்டு வாருங்கள். இங்கே பலர் ஏமாறுவது எண்ணில்தான். ஆர் இயல்பாக ஒரு கோரை மட்டும் பயன்படுத்தும். இரண்டு கோர் உள்ள கணினியில் அது முழு மூச்சில் ஓடினாலும் டாஸ்க் மேனேஜர் 50 சதவீதம் என்றே காட்டும். நான்கு கோர் என்றால் 25. "பாதிதான் வேலை செய்யுது சார்" என்று சொல்பவர்களுக்கு இதுதான் பதில்.

சிபியு 5, 10 என்று தூங்குகிறது, வட்டு 100-ல் நிற்கிறது, வன்வட்டு விளக்கு அணையாமல் எரிகிறது என்றால் கதை வேறு. ரேம் தீர்ந்துபோய், விண்டோஸ் வட்டின் ஒரு மூலையை ரேமாகப் பாவித்து அங்கும் இங்கும் பொருள்களை மாற்றிக்கொண்டிருக்கிறது. ரேமில் நானோநொடிக் கணக்கில் முடியும் காரியம் சுழலும் வட்டில் மில்லிநொடிக் கணக்கில் நடக்கும். காத்திருந்து பயனில்லை. நிறுத்திவிட்டுத் தரவைக் குறையுங்கள்.

காலையில் நன்றாக ஓடி, மதியம் இரண்டு மணிக்கு மட்டும் மந்தமாகும் கணினியும் உண்டு. சூடுதான் காரணம். விசிறிக்குள் தூசி அடைத்தால் சிபியு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். ரிசோர்ஸ் மானிட்டரில் 'மேக்ஸிமம் ஃப்ரீக்வன்சி' என்று ஒரு சதவீதம் இருக்கும். கடும் வேலையின்போது அது வழக்கத்தைவிடத் தாழ்ந்து நின்றால் விசிறியைத் துடையுங்கள். மடிக்கணினியை மெத்தைமேல் வைத்து வேலை செய்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை.

மனக்கணக்காக ரேம்

பழைய கணினிக்காரருக்குப் பெருக்கல் தெரிந்திருக்க வேண்டும். ஆரில் ஓர் எண்ணுக்கு 8 பைட். வரிகளின் எண்ணிக்கை, நெடுவரிசைகளின் எண்ணிக்கை, 8, மூன்றையும் பெருக்கினால் தரவு ரேமில் பிடிக்கும் இடம் வரும்.

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றை எடுத்துக்கொள்வோம். 2019–21-ல் நடந்தது. முனைவர் பட்டம் செய்பவர்கள் பலர் இதைத்தான் இறக்கி வைத்திருக்கிறார்கள். நேர்காணப்பட்ட பெண்கள் 7,24,115 பேர். அவர்களுக்கான கோப்பில் நெடுவரிசைகள் ஆயிரக்கணக்கில். ஆயிரம் நெடுவரிசைக்கே 5.8 ஜிபி ஆகிறது. 4 ஜிபி கணினியில் இதை அப்படியே திறக்கப் பார்ப்பது ஆட்டோவில் கல்யாண கோஷ்டியை ஏற்றுவதுதான். ஆனால் உங்கள் ஆய்வுக்கு வேண்டியது எத்தனை நெடுவரிசை? வயது, கல்வி, மாவட்டம், சொத்துக் குறியீடு, எடை, இன்னும் பதினைந்து. இருபது நெடுவரிசைக்கு 116 எம்பிதான். எந்தப் பழைய பெட்டியும் தாங்கும்.

எனவே வெட்டிவிட்டுத் திறக்க வேண்டும். ஆரில் 'ஹேவன்' தொகுப்பு வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் படிக்கும். 'கால்_செலக்ட்' என்ற இடத்தில் பெயர்களைக் கொடுத்தால் போதும். அதுவும் திணறினால் நான் கையாளும் குறுக்கு வழி பிஎஸ்பிபி. எஸ்பிஎஸ்எஸ் போலவே இயங்கும், க்னூ திட்டத்தின் இலவச மென்பொருள். எஸ்பிஎஸ்எஸ்ஸின் 'சேவ்' வகைக் கோப்பைத் திறக்கும். ஆர் எல்லாத் தரவையும் ரேமில் ஏற்றிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும். பிஎஸ்பிபி அப்படியில்லை, வரிவரியாக வட்டிலிருந்து படித்துக்கொண்டே போகும். அதனால் ரேம் குறைவானாலும் மெதுவாக, ஆனால் முடித்துவிடும். 'கெட் ஃபைல்' கட்டளையோடு 'கீப்' சேர்த்து இருபது மாறிகளின் பெயரைக் கொடுங்கள். கிடைப்பதைப் புதிய கோப்பாகச் சேமியுங்கள். அதன் பிறகு ஆருக்குப் போங்கள்.

தரவின் அளவுக்கு மூன்று மடங்கு ரேம் சும்மா இருக்க வேண்டும் என்பது என் கைக்கணக்கு. ஒரு நெடுவரிசையை மாற்றும்போதும் மாதிரி பொருத்தும்போதும் ஆர் நகல் எடுக்கும், அதனால்தான். "500 எம்பி அளவுள்ள வெக்டரை ஒதுக்க முடியவில்லை" என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி வரும். 500 எம்பிதானே, இடம் இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். அது கடைசியாகக் கேட்ட துண்டின் அளவு மட்டுமே. அதற்கு முன்பே ரேம் நிறைந்துவிட்டது. 32-பிட் அமைப்பில் இன்னொரு தொல்லை, இடம் இருந்தாலும் தொடர்ச்சியாக இருக்காது. பேருந்தில் ஐந்து இருக்கை காலி, ஆனால் ஐந்தும் ஐந்து மூலையில் என்பது போல. ஆரை மூடித் திறந்தால் சிதறிய இடம் ஒன்றுசேரும்.

பணம் செலவழிக்கலாம் என்றால் முதலில் ரேம், அடுத்து சுழலும் வட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி. வேறெதற்கும் செலவழிக்க வேண்டாம். ரேம் வாங்கும் முன்பு எந்த விண்டோஸ் என்று பார்த்துவிடுங்கள். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 2 ஜிபிக்கு மேல் எவ்வளவு போட்டாலும் தொடாது. மற்ற 32-பிட் விண்டோஸ்கள் 4 ஜிபி போட்டால் மூன்று, மூன்றேகால் என்றுதான் காட்டும்.

ஆண்டுப் பொருத்தம்

பழைய கணினியில் வரும் நிறுவல் தகராறுகளில் பெரும்பாலானவை பழுதே அல்ல, வயது பொருந்தாமைதான். விண்டோஸ் ஓர் ஆண்டு, ஆர் ஓர் ஆண்டு, தொகுப்பு ஓர் ஆண்டு என்று மூன்றும் மூன்று திசையில் நிற்கும். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இங்கே பார்க்கத்தான் வேண்டும்.

32-பிட் விண்டோஸில் ஓடும் கடைசி ஆர் 4.1.3, 2022 மார்ச்சில் வந்தது. அடுத்த மாதமே வந்த 4.2.0-லிருந்து விண்டோஸில் 64-பிட் மட்டும்தான். உங்களுடையது 32-பிட் என்றால் 4.1.3-ஐத் தேடி எடுங்கள். ஆர் களஞ்சியமான கிரானில் பழைய பதிப்புகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. ஆர்ஸ்டுடியோவின் கடைசி 32-பிட் பதிப்பு 1.1.463. ஆனால் 2 ஜிபி கணினியில் ஆர்ஸ்டுடியோவே வேண்டாம் என்பேன். அது உள்ளுக்குள் ஓர் இணைய உலாவியைச் சுமந்துகொண்டு திரிகிறது. ஆரோடு வரும் எளிய சாளரம், பக்கத்தில் ஒரு நோட்பேட், போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 32-பிட் விண்டோஸ் இருப்பதாலேயே கணினி 32-பிட் என்று அர்த்தமில்லை. கோர் 2 டுவோ காலத்துச் சிப்புகளே 64-பிட் தாங்கும். வாங்கும்போது கடைக்காரர் எதைப் போட்டுக் கொடுத்தாரோ அது அப்படியே இருக்கிறது, அவ்வளவுதான். கணினியின் பண்புகள் பக்கத்தில் சிப்பின் பெயரைப் பார்த்து, அது 64-பிட்டா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆமென்றால் 64-பிட் விண்டோஸோ லினக்ஸோ போடலாம். நிஜமாகவே 32-பிட் சிப் என்றாலும் கதவு முழுக்க அடைபடவில்லை. ஆர் கைவிட்டது 32-பிட் விண்டோஸைத்தான். 2023-ல் வந்த டெபியன் 12 லினக்ஸ் 32-பிட்டிலும் ஓடும், அதனோடு ஆர் 4.2.2 வரும். பிஎஸ்பிபியும் அதிலேயே கிடைக்கும்.

விண்டோஸ் 7-ல் 64-பிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. ஆர் 4.2.0-வும் அதற்குப் பின் வந்தவையும் யுசிஆர்டி என்ற மைக்ரோசாஃப்ட் நூலகத்தை நம்பி நிற்கின்றன. விண்டோஸ் 10-ல் அது உடன்பிறந்தது. 7-ல் தனியே நிறுவ வேண்டும். அது இல்லாமல் ஆரைப் போட்டுவிட்டு, திறக்கவில்லை என்று அலைய வேண்டாம்.

தொகுப்புகளுக்கு வருவோம். பழைய ஆரில் ஒரு தொகுப்பை நிறுவச் சொன்னால், "தயார்நிலைப் பதிப்பு இருக்கிறது, ஆனால் மூலநிரல் பதிப்பு அதைவிடப் புதிது, மூலத்திலிருந்து உருவாக்கவா?" என்று கேட்கும். புதிது என்றால் நல்லது என்று நினைத்து எல்லோரும் "ஆம்" என்பார்கள். உருவாக்கத் தேவையான கருவிகள் கணினியில் இல்லாததால் பக்கம் பக்கமாகச் சிவப்பு எழுத்து ஓடும். "இல்லை" என்று சொல்லுங்கள், தயார்நிலைப் பதிப்பு பேசாமல் ஏறிவிடும்.

இணையம் இல்லாத ஆய்வகக் கணினிக்கு ஒரு வழி: அதே ஆர் பதிப்பு, அதே பிட் உள்ள வேறொரு விண்டோஸ் கணினியில் வேண்டிய தொகுப்புகளையெல்லாம் நிறுவி, அந்த 'லைப்ரரி' கோப்புறையை அப்படியே பென் டிரைவில் நகலெடுத்து வந்து போடுங்கள். ஒவ்வொரு தொகுப்பாக இறக்கினால் ஒன்று இன்னொன்றைக் கேட்கும், அது மற்றொன்றைக் கேட்கும், சாயங்காலம் ஆகிவிடும். இப்படி ஒருமுறை பொருந்திவிட்ட கணினியில் பிறகு எதையும் புதுப்பிக்காதீர்கள். ஆய்வேடு சமர்ப்பிக்கும்வரையாவது.

காபி விலைக்கு ஒரு பேட்டரி

கணினியைத் திறக்கும்போதெல்லாம் தேதி பழைய ஆண்டுக்குப் போகிறதா? மதர்போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். அது தீர்ந்துவிட்டது. தேதிதானே என்று விடக் கூடாது. தவறான தேதியில் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாததாகத் தெரியும், தொகுப்புகள் இறங்காது. உரிமம் வாங்கிய மென்பொருள்கள் காலாவதி என்றோ இன்னும் காலம் வரவில்லை என்றோ அடம்பிடிக்கும். இன்று திருத்திய கோப்புக்கு 2009 என்று தேதி விழும். தேதி வரிசையில் அடுக்கினால் அது அடியில் போய் ஒளிந்துகொள்ளும், நீங்கள் போன வாரத்துக் கோப்பை வழிகாட்டிக்கு அனுப்பிவிடுவீர்கள். அனுப்பியவர்கள் இருக்கிறார்கள்.

தமிழ் எழுத்து என்ன ஆனது?

வினாத்தாளைத் தமிழில் கொடுத்து, பதில்களையும் தமிழிலேயே உள்ளிட்டவர்கள் எல்லோரும் ஒருநாள் இதைச் சந்திப்பார்கள். பயப்பட வேண்டியது எது, வேண்டாதது எது என்று தெரிந்தால் பாதி பாரம் இறங்கும்.

ஊர்ப் பெயருக்குப் பதிலாகக் கோணக் குறிகளுக்குள் 'யு', ஒரு கூட்டல் குறி, '0பி85' என்பதுபோல எண்களும் எழுத்துகளும் வந்தால் பயமில்லை. அந்த 0பி85 என்பது நம் 'அ'வின் யூனிகோட் எண். 4.2-க்கு முந்தைய ஆர் விண்டோஸில் தமிழைத் திரையில் காட்டத் தெரியாமல் எண்ணைக் காட்டுகிறது. தரவு உள்ளே பத்திரமாக இருக்கிறது.

சின்ன ஆங்கில 'ஏ' தலையில் கோடு போட்டுக்கொண்டும், வட்டத்துக்குள் 'ஆர்' இட்ட வணிக முத்திரைக் குறியோடும் வரி முழுக்க வந்தாலும் பயமில்லை. யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட். பழைய எக்செல் அதைத் தெரியாமல் பைட் பைட்டாகப் பிரித்து மூன்று ஐரோப்பிய எழுத்துகளாக வாசிக்கிறது. முதல் பைட் எல்லாத் தமிழ் எழுத்துக்கும் ஒன்றே என்பதால்தான் அந்தக் கோடு போட்ட 'ஏ' திரும்பத் திரும்ப வருகிறது. அங்கேயே திருத்தவோ சேமிக்கவோ செய்யாமல் மூடுங்கள். லிப்ரே ஆஃபிஸில் திறந்தால் எந்தக் குறியேற்றம் என்று அதுவே கேட்கும். யூடிஎஃப்-8 என்று சொல்லுங்கள்.

கேள்விக்குறி வரிசையாக வந்தால் மட்டும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். பழைய எக்செலில் தமிழ் உள்ள தாளைச் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் கேள்விக்குறியாக எழுதப்படும். அது காட்டும் குறை அல்ல, எழுத்து அழிந்தேவிட்டது. மூல எக்செல் கோப்பு இருந்தால் தப்பித்தீர்கள், இல்லையென்றால் வினாத்தாள் கட்டை எடுத்து மறுபடி உள்ளிட வேண்டியதுதான். எக்செல் 2007, 2010 வைத்திருப்பவர்கள் 'யூனிகோட் டெக்ஸ்ட்' வகையில் சேமியுங்கள். லிப்ரே ஆஃபிஸ் இருந்தால் அதில் சிஎஸ்வியாக, யூடிஎஃப்-8 தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் உள்ளிட்ட தரவு வேறு வகை. அங்கே தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டிருக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும். மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இருக்கின்றன, யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட நல்லது, பதில்களை 1, 2, 3 என்று எண்ணாக உள்ளிட்டு, எந்த எண்ணுக்கு எந்தத் தமிழ்ச் சொல் என்பதைத் தனித்தாளில் வைத்துக்கொள்வது. அந்தக் காலத்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள், காரணத்தோடுதான் செய்தார்கள்.

சத்தம் போடாத பிழைகள்

இதுவரை சொன்னவை எல்லாம் கத்திச் சொல்லும் பிழைகள். எனக்கு அவை பிடிக்கும். பழைய மென்பொருளில் நான் அஞ்சுவது, எந்தச் செய்தியும் இல்லாமல் தவறான விடை தருபவற்றைத்தான்.

பழைய எக்செல் கோப்பு வகை, எக்ஸ்எல்எஸ், 65,536 வரிகளோடு முடிந்துவிடும். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகையில் 10,48,576. பெரிய தரவைப் பழைய வகையில் கொட்டினால் மிச்சம் வெளியே விழும். 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு இதே காரணத்தால் 15,841 கொரோனாத் தொற்றாளர்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது. அவ்வளவு பெரிய அமைப்புக்கே அது நடந்திருக்கிறது. திறந்தவுடன் வரிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். சரியாக 65,536 என்று வந்தால், அல்லது தலைப்பு வரி போக 65,535 என்று வந்தால், அது தற்செயல் அல்ல.

தேதிகள் அடுத்தது. விண்டோஸை மறுபடி நிறுவும்போது பிராந்திய அமைப்பு அமெரிக்க ஆங்கிலமாகிவிடுவது சாதாரணம். அதன் பிறகு 03/04/2023 என்று உள்ளிட்டால் எக்செல் மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். 25/04/2023 என்றால் இருபத்தைந்தாவது மாதம் கிடையாது என்பதால் வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஆக, 12-ஆம் தேதிவரை நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும், அதற்கு மேல் தேதியே இல்லை. கண்டுபிடிக்க எளிய வழி, நெடுவரிசையை அகலமாக்கிப் பாருங்கள். சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால் கலந்துவிட்டது. நான் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் மூன்று நெடுவரிசையில் உள்ளிடச் சொல்வேன். அலுப்பான வேலைதான்.

ஆரில் இதைவிட நுட்பமான ஒரு கண்ணி. 2020 ஏப்ரலில் வந்த 4.0.0-வுக்கு முந்தைய ஆர், சிஎஸ்வி கோப்பைப் படிக்கும்போது எழுத்து கலந்த நெடுவரிசையை 'ஃபேக்டர்' என்ற வகை மாறியாக்கிவிடும். வயது நெடுவரிசையில் ஒரே ஒருவருக்கு "தெரியாது" என்று உள்ளிட்டிருந்தால் போதும், நெடுவரிசை முழுவதும் ஃபேக்டர். அதை எண்ணாக்க 'ஆஸ்.நியூமரிக்' கொடுத்தால் வயது வராது, வகையின் வரிசை எண் வரும். 18 வயது 1 ஆகும், 19 வயது 2 ஆகும். எல்லா வயதிலும் ஆள் இருக்கும் தரவில், சராசரி 35 இருக்க வேண்டிய இடத்தில் 18 என்று சாதுவாக வந்து நிற்கும். முதலில் 'ஆஸ்.கேரக்டர்' ஆக்கி, பிறகு எண்ணாக்குங்கள். 'ஆஸ்.நியூமரிக்' மட்டும் கொடுத்த ஸ்கிரிப்டைப் புதிய ஆரில் ஓட்டினால் வேறு விடை வரும். வழிகாட்டியின் கணினியில் ஒரு விடை, உங்களுடையதில் ஒரு விடை என்று சண்டை வந்தால் முதலில் இரண்டு பதிப்பு எண்களையும் ஒப்பிடுங்கள்.

மாதிரி எடுப்பதிலும் அப்படித்தான். 'செட்.சீட்' என்று விதை எண் கொடுத்துவிட்டால் எல்லாக் கணினியிலும் அதே நபர்கள் தேர்வாவார்கள் என்று நம்புகிறோம். 2019-ல் வந்த 3.6.0-ல் 'சாம்பிள்' கட்டளை எண்களைப் பொறுக்கும் முறையையே மாற்றிவிட்டார்கள். முந்தைய முறையில் சிறு சாய்வு இருந்தது, அதைச் சரிசெய்தார்கள். விளைவு, அதே விதைக்கு 3.5-ல் ஒரு பட்டியல், 3.6-ல் வேறு பட்டியல். பழைய ஆய்வின் மாதிரியைப் புதிய ஆரில் திரும்ப எடுக்க வேண்டுமானால், தொடக்கத்தில் 'ஆர்என்ஜிவெர்ஷன்' கட்டளையில் 3.5.0 என்று கொடுங்கள். அது ஓர் எச்சரிக்கை காட்டும், அது இருக்கட்டும்.

கடைசியாக, இன்னமும் சில அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருக்கும் எக்செல் 97, 2000. இவற்றில் திட்ட விலக்கத்தைக் கணக்கிடும் முறை, எண்களின் வர்க்கங்களைக் கூட்டி, கூட்டலின் வர்க்கத்தை எண்ணிக்கையால் வகுத்துக் கழிப்பது. கையால் போடும்போது அது சுலபம் என்று பாடப்புத்தகங்களும் சொல்லிக்கொடுத்தன. கணினியில், பெரிய இரண்டு எண்களைக் கழித்துச் சின்ன வித்தியாசத்தை எடுக்கும்போது கடைசி இலக்கங்கள் காணாமல் போய்விடும். எக்செல் ஏறக்குறைய பதினைந்து இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். 2003 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் முறையை மாற்றியது. உங்கள் எக்செல் எந்தப் பக்கம் என்று அறிய மூன்று எண்களை உள்ளிடுங்கள்: 10,00,00,001; 10,00,00,002; 10,00,00,003. 'எஸ்டிடிஇவி' கேளுங்கள். விடை 1. உங்களுக்கு 0-வோ வேறு எதுவோ வந்தால், அந்த எக்செலைத் தரவு உள்ளிட மட்டும் வைத்துக்கொண்டு, கணக்கை பிஎஸ்பிபியில் போடுங்கள்.